ஐந்தாம் அத்தியாயம்: புகழுக்கு ஈடுகொடுக்காத மட்டைகள்

கிரிக்கெட் ஆட்டத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும், அவர்களைக் கையைப் பிடித்து மைதானத்துக்கு அழைத்து வருகிற பெற்றோரும், எப்படி நிற்பது, எப்படிப் பார்ப்பது, எந்தப் பந்தை விடுவது என்பவற்றைப் பற்றி என்னிடம் விசாரிப்பது அபூர்வம், "எந்த மட்டை வாங்கலாம்?" என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன், எந்த மட்டைகள் பெரும் ஆரவாரத்தோடு வந்து, பிறகு எதிர்பார்த்த பலனைத் தராமல் போயின என்பதையும், அவை ஏன் அவ்வாறு போயின என்பதையும் தெரிந்துகொள்வது மிகவும் பிரயோஜனமானது என்று நான் கருதுகிறேன். தோற்றுப்போன மட்டைகளின் சரித்திரத்தை அறிந்தவனைக் கடைக்காரரின் சாமர்த்தியமோ, தொலைக்காட்சியில் வரும் விளம்பரமோ எளிதில் மயக்கிவிட முடியாது.

நான் வசிப்பது திருமுல்கேரியில். செகந்திராபாத் கண்டோன்மெண்டைச் சேர்ந்த இந்தப் பகுதியில், பழைய சென்னைப் படையோடும், அந்தப் படைக்குச் சரக்குக் கொடுத்த வியாபாரிகளோடும் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இங்கே பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் தெலுங்கும் உருதுவும், மைதானத்தில் மூன்றும் கலந்த ஒரு பாஷையும் பேசுவார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து செகந்திராபாத்தில் ஆட்டம் பயின்ற மிதாலி ராஜ், 1999-ஆம் ஆண்டு அயர்லாந்துக்கு எதிரான தம் முதல் ஒருநாள் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 114 ஓட்டங்கள் எடுத்து, 2002-இல் டான்டனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் 214 ஓட்டங்கள் குவித்த நாள் முதல், எங்கள் பகுதியில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பெண்பிள்ளைகளுக்கும் மட்டை வாங்கிக் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டிருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷம் தரும் விஷயம். ஆனால் வாங்குகிற மட்டைகளைப் பார்க்கும்போதுதான் அந்தச் சந்தோஷம் குறைகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை விடுமுறையில், பன்னிரண்டு வயதான என் அக்காள் மகனுக்கு மட்டை வாங்குவதற்காக ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்துக் காட்டிய மட்டையின் விளிம்பு கட்டைவிரல் அகலத்தையும் மிஞ்சிப் பருத்திருந்தது. முகம் பால்போல் வெளுத்திருந்தது. முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோ, தொலைக்காட்சியில் பையன் தினமும் பார்க்கிற ஆட்டக்காரரின் மட்டையில் உள்ளதற்கு நேர்ச் சகோதரம். அது பையனின் உயரத்துக்கு இரண்டு அளவு பெரியது என்று எனக்கே தோன்றியது. ஆனாலும், "வளருகிற பிள்ளைதானே" என்ற வார்த்தைக்கும், "மாமா, இதுதான் வேணும்" என்ற குரலுக்கும் இடம்கொடுத்து, வாங்கி வந்துவிட்டேன். மூன்றே வாரங்களில், அதுவரை தரையோடு ஓடிக்கொண்டிருந்த அவனுடைய டிரைவ் அடிகள் ஆகாயத்தில் எழும்பத் தொடங்கின. மட்டையைத் தூக்க மேல்கைக்கு வலிமை போதாமையால் கீழ்க்கை எல்லா வேலையையும் செய்தது. நான்காவது வாரம், காலடியில் வந்து விழும் யார்க்கர் பந்து ஒன்று பட்டதும் மட்டையின் நுனி பிளந்துவிட்டது.

அந்த மட்டையை லால் பஜாரில் வசிக்கும், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் அதைப் பேசாமல் வாங்கி, கைப்பிடியை இரண்டு விரல்களால் மட்டும் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு, பழைய தோல் பந்து ஒன்றால் முகத்தை மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நடுப்பாகத்தில் "டொக்" என்று முழுமையான ஓசை எழுந்தது. நுனியை நெருங்க நெருங்க ஓசை மங்கி, பிளவு இருந்த இடத்தில் செத்துப்போயிற்று. பிறகு முகத்தின்மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். நகத்தின் பிறைக்குறி அப்படியே பதிந்து நின்றது. "மரம் இன்னும் பச்சைக் குழந்தை, தம்பி. தட்டித் தட்டிப் பழக்க அதுக்கு நீங்க அவகாசமே குடுக்கலியே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் இந்த அத்தியாயத்தின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

சரித்திரம் சொல்லும் சாட்சி

மட்டையைப் பற்றிய ஆசை இன்று நேற்று உண்டானது அன்று. 1771-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் செர்ட்ஸிக்கும் ஹாம்பிள்டனுக்கும் நடந்த ஆட்டத்தில், தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்புகளையே மறைத்துவிடும் அளவுக்கு அகலமான மட்டையோடு வந்து நின்றார். ஹாம்பிள்டன்காரர்கள் உடனே ஆட்சேபித்து, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதிவைத்தார்கள். இருநூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த நாலேகால் அங்குலமே, அதாவது 108 மில்லிமீட்டரே, விதியாக நின்று நிலவுகிறது.

அடுத்து, 1979 டிசம்பரில் பெர்த் நகரத்தில் நிகழ்ந்த அலுமினியம் மட்டையின் கதை. ஆஸ்திரேலியாவின் வேகப்பந்து வீச்சாளரான டென்னிஸ் லில்லி, இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில், தம் நண்பரின் நிறுவனம் செய்த அலுமினியம் மட்டையை எடுத்துக்கொண்டு களமிறங்கினார். போத்தம் வீசிய பந்தை அவர் நேராக ஓங்கி அடித்தார். பந்து எல்லைக்கோட்டை எட்டாமல் மூன்று ஓட்டங்களோடு நின்றுவிட்டது. மர மட்டையாக இருந்திருந்தால் அது நான்காகியிருக்கும் என்று எண்ணிய அணித்தலைவர் கிரெக் சாப்பல் மர மட்டையைக் கொடுத்தனுப்பினார். பந்தின் தோல் சேதமாகிறது என்று எதிரணித் தலைவர் பிரியர்லி நடுவர்களிடம் முறையிட்டார். லில்லி கோபங்கொண்டு அலுமினியம் மட்டையைத் தூர வீசியெறிந்தார். 1980-இல் திருத்தி எழுதப்பட்ட விதிகளில், மட்டையின் அடிக்கும் பாகம் மரத்தால்தான் ஆகியிருக்க வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. உலோகத்தின் கடினம் பந்தின் வேகமாக மாறும் என்று எண்ணத் தோன்றும். கடினமும் வேகமும் ஒன்றல்ல என்பதை அந்த மூன்று ஓட்டங்கள் காட்டிவிட்டன. வில்லோ மரம் பந்து படும்போது சிறிது அமுங்கி, அமுங்கியதும் மீள்கிறது. அந்த மீட்சியே அதன் குணம்.

இனி, தமிழர்கள் எல்லோரும் கண்ணாரக் கண்ட காட்சி ஒன்று. 2010-ஆம் ஆண்டு ஐ.பி.எல். போட்டிகளில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் தொடக்க ஆட்டக்காரரான மாத்யூ ஹேடன், மங்கூஸ் என்ற பெயருடைய ஒரு விசித்திரமான மட்டையைக் கையாண்டார். வழக்கமான மட்டையைவிட அதன் தட்டு மூன்றில் ஒரு பங்கு குட்டை. கைப்பிடியோ மிகவும் நீளம். பந்தைத் தடுப்பதற்கு உதவும் மேல்பாகத்தை வெட்டியெறிந்துவிட்டு, அந்த மரத்தை எல்லாம் அடிக்கும் பாகத்தில் சேர்த்தால், வேகமும் வலிமையும் பெருகும் என்பது அதை வடிவமைத்தவர்களின் தர்க்கம். மார்ச் மாதத்தில் டெல்லியில் நடந்த ஆட்டத்தில் ஹேடன் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் விளாசினார். மறுநாள் முதல் சென்னைத் தெருக்களில் மட்டுமல்ல, எங்கள் திருமுல்கேரியிலும் பிள்ளைகள் அந்தக் குட்டை மட்டையைப் பற்றியே பேசினார்கள்.

ஆனால் முழுப் பருவத்தின் கணக்கையும் எடுத்துப் பார்ப்பதே நியாயம். அதற்கு முந்தைய 2009-ஆம் ஆண்டில், 12 ஆட்டங்களில் 572 ஓட்டங்கள் குவித்து, அந்தத் தொடரிலேயே அதிக ஓட்டங்கள் எடுத்தவராக விளங்கியவர் அதே ஹேடன். மங்கூஸ் மட்டையின் புகழ் ஓங்கிய 2010-இல், 16 ஆட்டங்களில் அவர் எடுத்தவை 346. மட்டை ஒன்றே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வயதும், பந்துவீச்சும், நல்வாய்ப்பும் எல்லாம் ஆட்டத்தில் சேர்ந்தவையே. ஆயினும், ஓர் இரவின் பிரகாசத்தைக் கண்டு ஒரு சாதனத்தின் யோக்கியதையை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை. மார்பளவு எழும்பும் பந்தைத் தடுப்பதற்கு மட்டையின் மேல்பாகம் இல்லாமல் போனால், ஆட்டக்காரன் அந்தப் பந்துக்கு விலகவோ அடிக்கவோதான் வேண்டியிருக்கும். பந்துவீச்சாளர்கள் அதைக் கண்டுகொள்ள நெடுநாள் ஆகாது. அந்த மட்டை சர்வதேச ஆட்டங்களில் வேர்கொள்ளவில்லை.

ரிக்கி பான்டிங் கையாண்ட, முதுகில் கிராஃபைட் பட்டை ஒட்டிய மட்டையும் இத்தகையதே. 2005 ஜனவரியில் சிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் 207 ஓட்டங்கள் எடுத்ததும், அந்தப் பட்டையில் ஏதோ மாயம் இருப்பதாகப் பேச்சுப் பரவியது. விதிகளைக் காக்கும் எம்.சி.சி. ஆட்சேபிக்கவே, 2006-இல் அந்த மட்டை விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக, கிராஃபைட் இல்லாத மட்டையால் பான்டிங் 196 ஓட்டங்கள் எடுத்தார். மாயம் பட்டையில் இருந்ததா, மணிக்கட்டில் இருந்ததா என்று வாசகர்களே முடிவு செய்யலாம். 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் மூங்கில் மட்டை ஒன்றைச் செய்து, அது வில்லோவைவிட விறைப்பானது என்று அறிவித்தபோதும், அப்போதிருந்த விதிப்படி அது செல்லாது என்று எம்.சி.சி. தெரிவித்துவிட்டது.

புதுமை எல்லாமே பொய் என்று சொல்வது என் அபிப்பிராயம் அன்று. 1974-இல் கிரே-நிக்கல்ஸ் நிறுவனம், முதுகின் நடுவே மரத்தைத் தோண்டியெடுத்து விளிம்புகளில் எடையைப் பகிர்ந்துவைத்த 'ஸ்கூப்' மட்டையைக் கொண்டுவந்தது. அது நிலைத்து நின்றது. 1994-இல் பிரையன் லாரா 501 ஓட்டங்கள் எடுத்தபோது அவர் கையில் இருந்தது அந்த வம்சத்து மட்டையே. அது ஏன் வென்றது? மரத்தின் சுபாவத்தை மாற்றாமல், எடையைப் பகிர்ந்த விதத்தை மட்டும் அது மாற்றியது; ஒரு குணத்தைப் பெருக்குவதற்காக மற்றெல்லாக் குணங்களையும் பலியிடவில்லை. தோற்ற மட்டைகள் எல்லாம் ஒரே ஒரு குணத்தைப் பூதாகாரமாக்கியவை. மட்டை என்பது சமநிலை. சமநிலையைக் குலைத்து அடைந்த லாபம் வேறொரு நஷ்டமாகத் திரும்பி வந்தே தீரும்.

கடையில் காணும் நான்கு மயக்கங்கள்

முதலாவது, பருத்த விளிம்பு. ஒரே எடைக்குள் பெரிய உருவம் வேண்டுமென்றால், மரத்தை அதிகமாக உலர்த்தி, குறைவாக அழுத்திச் செய்யவேண்டியிருக்கிறது. அத்தகைய மட்டை முதல் நாளிலேயே பந்தைச் சிறப்பாக அனுப்பும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. உயர்நிலை ஆட்டக்காரருக்கு ஒன்று உடைந்தால் மற்றொன்று வரும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி வராது. 2017 அக்டோபர் முதல் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும், மொத்தப் பருமன் 67 மில்லிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது என்று விதியே வகுக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது, ஸ்டிக்கர். சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் நாம் கண்ட எழுத்துகள் சென்னையைச் சேர்ந்த ஒரு டயர் நிறுவனத்தின் பெயர் என்பதை நினைவில் வைத்தால் போதும். ஸ்டிக்கர் என்பது விளம்பர ஒப்பந்தத்தின் அடையாளமே ஒழிய, மரத்தின் ஜாதகம் அன்று. மேலும், டெண்டுல்கர் ஆடியது மூன்று பவுண்டுக்கும் அதிகமான கனத்த மட்டை. அந்த எடையை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் கையில் கொடுப்பது அவனுடைய ஆட்டத்துக்குச் செய்யும் அபசாரம்.

மூன்றாவது, 'கிரெயின்' என்று சொல்லும் வரிகள். முகத்தில் நேராக ஓடும் ஒவ்வொரு வரியும் மரத்தின் ஓர் ஆண்டு வளர்ச்சி. வரிகள் நெருங்கி அதிகமாக இருந்தால் மட்டை சீக்கிரம் பதத்துக்கு வரும், சீக்கிரம் ஓயவும் செய்யும். வரிகள் அகன்று குறைவாக இருந்தால் பதப்பட நாளாகும், நெடுநாள் உழைக்கும். ஆகவே வரிகளின் எண்ணிக்கைக்காக இரட்டிப்பு விலை கொடுப்பது புத்திசாலித்தனம் அன்று. அவை நேராக ஓடுகின்றனவா என்பதைப் பார்த்தால் போதுமானது.

நான்காவது, 'கிரேடு ஒன்று' என்ற முத்திரையும் வெண்மையும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரநிர்ணயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் பெரும்பாலும் மரத்தின் தோற்றத்தை வைத்துத் தானே எண் இடுகிறது. கறையுள்ள கட்டையை வெளுத்து விற்பதும் உண்டு. ஒரு பக்கத்தில் சிவந்த மரம் இருந்தால் அது அழகுக் குறைவே தவிர, ஆட்டத்துக்குக் குறைவு அன்று.

வாங்கும் முறை

ஆட்டம் பழகுகிற பிள்ளைக்கு, காஷ்மீர் வில்லோ மட்டையைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலை ஓரத்தில் சங்கம், பிஜ்பெஹாரா முதலிய ஊர்களில் மட்டைக் கட்டைகளை அடுக்கடுக்காக வெயிலில் உலர்த்தி வைத்திருப்பதைப் பயணிகள் கண்டிருப்பார்கள். இங்கிலீஷ் வில்லோவைவிட அது சற்றுக் கனம், சற்றுக் கடினம். ஆனால் விலை குறைவு, உழைப்பு அதிகம். தோல் பந்தில் ஒழுங்காகப் போட்டிகள் ஆடத் தொடங்கிய பிறகு இங்கிலீஷ் வில்லோவுக்கு மாறலாம். டென்னிஸ் பந்துக்கென்று செய்த இலேசான மட்டையால் தோல் பந்தை ஒருபோதும் அடிக்கக் கூடாது.

அளவைப் பார்க்கும் விதம் இது. பிள்ளையைக் காலணியோடு ஆட்ட நிலையில் நிற்கச் செய்து, மட்டையின் நுனி தரையைத் தொடும்படி வைத்தால், கைப்பிடியின் உச்சி இடுப்பின் பக்கம் வந்து நிற்க வேண்டும். எடையைப் பார்க்க, மேல்கை ஒன்றினாலேயே மட்டையைப் பிடித்து, முன்னால் நேராக நீட்டி, இருபது எண்ணும் வரை கை நடுங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மேல்கையால் மட்டும் நேர் டிரைவ் ஒன்றைக் காற்றில் ஆடச் சொல்லுங்கள். மட்டை வளைந்து போனால் அது கனம். தராசில் ஒரே எடை காட்டும் இரண்டு மட்டைகள் கையில் வெவ்வேறு எடையாகத் தோன்றுவது இயல்பு. எடை எங்கே பகிர்ந்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம். ஆகையால் தராசைவிடக் கையை நம்புங்கள். இறுதியாக, பழைய பந்தோ மரச் சுத்தியலோ கொண்டு முகம் முழுவதும் மெல்லத் தட்டிக் கேளுங்கள். அந்தப் பெரியவர் செய்தது போல.

வாங்கியபின் செய்ய வேண்டியது

'ஆட ஆயத்தம்' என்று எழுதியிருந்தாலும், புதிய மட்டையை நேரே மைதானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முகத்தில் பிளாஸ்டிக் உறை ஒட்டாத மட்டையானால், ஒரு தேக்கரண்டி ஆளிவிதை எண்ணெயை முகத்திலும், விளிம்பிலும், நுனியிலும் மெல்லத் தடவி, படுக்கை வாட்டில் ஒரு நாள் வைத்திருங்கள். மறுபடி ஒரு முறை அப்படியே செய்யுங்கள். கைப்பிடி மட்டையோடு சேரும் முக்கோணப் பகுதியில் எண்ணெய் படக்கூடாது. அங்கே உள்ள பசை தளர்ந்துவிடும். அளவுக்கு மீறிய எண்ணெய் மரத்தைச் சவமாக்கும்.

பிறகு மரச் சுத்தியலால் தட்டிப் பழக்குவது. மொத்தத்தில் ஆறு மணி நேரமாவது வேண்டும். தினம் அரை மணி என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடியும். முதலில் மெதுவாக, பிறகு சிறிது ஓங்கி. விளிம்புகளை நேராகத் தட்டாமல், சாய்வாகத் தட்டி உருட்டிவிட வேண்டும். அதன்பின் பழைய பந்தால் சிறு சிறு எறிதல்களை ஆடிப் பார்த்து, பந்தின் தையல் தடம் முகத்தில் ஆழமாகப் பதியாத நிலை வந்ததும் மட்டை தயார்.

தக்காணப் பீடபூமியின் கோடை வறட்சியானது. ஏப்ரல், மே மாதங்களில் காரின் பின்பெட்டியிலோ மொட்டை மாடியிலோ வைத்த மட்டை ஈரம் முழுவதும் இழந்து வெடித்துவிடும். மழைக்காலத்தில் ஈரத் தரையில் நுனியை ஊன்றி நின்றால் அது நீரை உறிஞ்சி ஊதிப்போகும். நுனிக்கு ரப்பர் காப்பு ஒட்டி, வீட்டுக்குள் நிழலில், சுவரில் சாய்த்து வைப்பதே பாதுகாப்பு.

எங்கள் வீட்டில் பிளந்த மட்டைக்குப் பதிலாக, அந்தப் பெரியவரையே அழைத்துக்கொண்டு போய், ஸ்டிக்கரைப் பாராமல், பையனின் அளவுக்குச் சரியான காஷ்மீர் வில்லோ மட்டை ஒன்றை வாங்கினோம். முதல் மட்டையின் விலையில் கால்பங்கு கூட ஆகவில்லை. மாலை நேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து பையனே அதைத் தட்டிப் பழக்கினான். ஹைதராபாத் ஆட்டக்காரர்களுக்கு உரிய அழகு என்று எல்லோரும் போற்றுகிற அந்த மணிக்கட்டு ஆட்டம், இலேசான அந்த மட்டையில் அவனுக்கு மெல்ல மெல்லக் கைவந்தது.

வாசகர்களுக்கு ஒரு கடைசி வார்த்தை. வாங்கிய மட்டையின் யோக்கியதையை அறிய ஒரு பரீட்சை உண்டு. அதற்குக் கடைக்காரரும் வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். தோல் பந்தில் ஒரு மாதம் ஆடிய பிறகு மட்டையின் முகத்தைத் திருப்பிப் பாருங்கள். பந்து பட்ட சிவப்புத் தடங்கள் அங்கே இருக்கும். அவை நுனியிலும் விளிம்பிலும் சிதறியிருந்தால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், எந்த மகா வீரர் கையாண்டதாயினும், உங்கள் பிள்ளைக்கு உரிய மட்டை அன்று. அவை நடுவிலே ஒன்றாய்க் கூடியிருந்தால், அதுவே நல்ல மட்டை.